ஆல்டெனா கோட்டையின் மரக்கட்டில்கள்

ஜெர்மனியின் மேற்கே, ரூர் தொழில் மாவட்டங்களுக்குத் தெற்கில் ஸாவர்லாண்ட் என்ற மலைநாடு இருக்கிறது. லென்னே ஆறு அங்கே குறுகலான பள்ளத்தாக்குகளில் வளைந்து வளைந்து ஓடுகிறது. ஆல்டெனா அந்த ஆற்றங்கரையில் உள்ள சிறிய நகரம். ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் பாதை, சில தொழிற்கூடங்கள், அடுக்கடுக்காக வீடுகள். கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால் கிளூசன்பெர்க் என்ற பாறைக்குன்றின் முதுகு முழுவதும் நீண்டு கிடக்கிறது கோட்டை. ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள், கீழ் முற்றம், மேல் முற்றம், பருத்த காவல் கோபுரம், வெடிமருந்துக் கோபுரம், தேவாலயம் என்று ஜெர்மன் கோட்டை ஒன்றில் என்னென்ன இருக்கவேண்டும் என்று நினைப்போமோ அத்தனையும் அங்கே உண்டு.

வருகிறவர்கள் தேடுவது வீரர்களின் வாள்களையும் இரும்புக் கவசங்களையும். அவை நிறையவே இருக்கின்றன. ஆனால் ஆல்டெனாவின் பெயர் உலகம் முழுவதும் பரவியதற்கு வாளும் காரணமில்லை, அதை ஏந்திய பிரபுக்களும் காரணமில்லை. மேல் பகுதியில் கல் சுவர்களுக்கு நடுவே இரண்டு படுக்கை அறைகள் உள்ளன. கனத்த மரத்தால் செய்த மூன்றடுக்குக் கட்டில்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அலங்காரம் ஏதுமில்லாத கட்டில்கள். சட்டங்கள் தச்சுப்பட்டறையிலிருந்து நேராகத் தூக்கி வந்தவைபோல முரட்டுத்தனமாக இருக்கும். மேல் அடுக்குக்கு ஏறுகிற சிறுவன் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார முடியும். உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி, நாம் யூத் ஹாஸ்டல் என்று சொல்லும் ஏற்பாடு, 1914-ல் இந்த அறைகளில்தான் தொடங்கியது.

கோட்டை வரலாறுகள் பெரும்பாலும் அதைக் கட்டியவனில் தொடங்கி, அதை இழந்தவனில் முடிந்துவிடுகின்றன. ஆல்டெனாவை அப்படிச் சொன்னால் கதையின் முக்கால் பாகம் விட்டுப்போகும். பிரபுக்கள் இங்கே குடியிருந்தது சில தலைமுறைகள்தான். அவர்கள் போனபிறகு சிப்பாய்கள், கைதிகள், வறியவர்கள், நோயாளிகள், கடைசியாகப் பள்ளிப் பிள்ளைகள் என்று கைமாறி வந்தவர்களின் காலம் அதைவிட மிக நீண்டது.

பழங்கதை ஒன்று 1108-ஆம் ஆண்டைச் சொல்கிறது. பேரரசர் ஐந்தாம் ஹைன்ரிஷுக்கு உண்மையாக உழைத்த பெர்க் குடும்பத்துச் சகோதரர்கள் அடால்ஃபும் எபர்ஹார்டும் அதற்குப் பரிசாக இந்த மலையில் கோட்டை கட்டிக்கொள்ளும் அனுமதி பெற்றார்களாம். ஆவணங்கள் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பெர்க் குடும்பத்தின் ஒரு கிளை இங்கே வந்து தங்கி ஆல்டெனா பிரபுக்கள் என்று பெயர் பெற்றது என்பது மட்டும் உறுதி. அந்தக் கிளை விரைவிலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பிரிவு ரூர் ஆற்றின் மேலுள்ள இசன்பெர்க் கோட்டையைக் கட்டியது. மற்றது ஹாம் நகரம் இன்று இருக்கும் இடத்துக்கு அருகே மார்க் என்ற இடத்தை வாங்கி, மார்க் பிரபுக்கள் என்று தன்னை அழைத்துக்கொண்டது.

இரண்டு பிரிவுகளின் தலைவிதியையும் ஒரே மாலைப்பொழுது முடிவு செய்தது. 1225 நவம்பர் 7 அன்று கொலோன் பேராயர் எங்கல்பெர்ட் கெவெல்ஸ்பெர்க் அருகே ஒரு பள்ளச் சாலையில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். மறித்தவன் அவருடைய சொந்த உறவினன், இசன்பெர்க் பிரபு ஃபிரிட்ரிஷ். எஸ்ஸன் கன்னியர் மடத்தின் காப்புரிமை யாருக்கு என்ற தகராறுதான் அடிப்படை. ஆளை உயிரோடு பிடிப்பதுதான் திட்டம், அது கைமீறிக் கொலையில் முடிந்தது என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஃபிரிட்ரிஷ் அடுத்த ஆண்டு கொலோனில் சக்கரத்தில் கட்டப்பட்டு எலும்புகள் முறிக்கப்பட்டு மாண்டான். அவனுடைய கோட்டை இடிக்கப்பட்டது. நிலங்களில் பெரும்பகுதி பங்காளியான மார்க் பிரபு அடால்ஃபுக்குச் சேர்ந்தது. அவர் 1226-ல் ஹாம் நகரத்தை நிறுவினார். குடும்பத்தின் கவனம் சமவெளிக்குத் திரும்பியது. மலைமேல் இருந்த பூர்வீகக் கோட்டையில் காலப்போக்கில் பிரபுவின் சார்பாக வரி வசூலித்து வழக்குக் கேட்கும் அதிகாரி ஒருவர்தான் மிஞ்சினார்.

கோட்டையின் காலடியில் வளர்ந்த ஊரோ தன் வயிற்றுப்பாட்டுக்குப் பிரபுவை நம்பியிருக்கவில்லை. ஆல்டெனாவின் பிழைப்பு இரும்புக் கம்பி. சுற்றிலும் மலைகளில் தாது கிடைத்தது, கரிமூட்டம் போடக் காடு இருந்தது, லென்னேயிலும் அதில் வந்து சேரும் ராமெடெ, நெட்டெ ஓடைகளிலும் சக்கரம் சுழற்றத் தண்ணீர் ஓடியது. கம்பி இழுப்பது எளிய வேலை இல்லை. அடித்து நீட்டிய இரும்புக் கோலின் நுனியைக் கூராக்கி, துளையிட்ட எஃகுத் தகட்டின் பெரிய துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் கவ்வி இழுக்கவேண்டும். பிறகு அதைவிடச் சிறிய துளை, அடுத்து இன்னும் சிறியது. ஒவ்வொரு துளையைக் கடக்கும்போதும் கம்பி மெலிந்து நீண்டுகொண்டே போகும், கூடவே விறைத்தும் போகும். அப்போது மறுபடி நெருப்பிலிட்டு இளக்க வேண்டும். தொழிலாளி ஒரு ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து, காலால் உதைத்துப் பின்னுக்குப் போகும் விசையில் உடம்பு முழுவதன் பலத்தோடும் கம்பியை இழுப்பார். பின்னுக்குப் போவார், குறட்டைத் தளர்த்தி முன்னால் ஆடி வருவார், கவ்வுவார், மறுபடி உதைப்பார். நாள் முழுக்க இதுதான். பிற்பாடு தண்ணீர்ச் சக்கரம் அந்த இழுப்பை எடுத்துக்கொண்டது, ஆனால் குறட்டைச் சரியாகக் கவ்வவைப்பது மனிதக் கைதான்.

சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் இப்படி இழுத்த கம்பியிலிருந்துதான் பிறந்தன. கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் கவசத்தைப் பார்க்கிறவர் அதை அணிந்தவனை மட்டும் நினைக்காமல், ஊஞ்சலில் உதைத்துக்கொண்டிருந்த அந்தத் தொழிலாளியையும் நினைக்க வழி இருக்கிறது. கோட்டைக்குக் கீழே, நடந்து போகும் தூரத்தில் ஜெர்மன் கம்பி அருங்காட்சியகம் உள்ளது. கவச வளையத்தில் தொடங்கி ஊசி, பியானோ நரம்பு, தொங்குபாலக் கயிறு என்று கம்பியின் வாழ்க்கை முழுவதையும் அங்கே பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்காமல் ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது. ஒன்றில்லாமல் மற்றொன்று புரியாது.

1609-ல் இந்தப் பகுதியை ஆண்டுவந்த யூலிஷ்-கிளேவ்-பெர்க் டியூக் வாரிசில்லாமல் இறந்தார். நீண்ட தகராறுக்குப் பிறகு மார்க் பகுதி பிராண்டன்பெர்க்கின் ஹோஹன்ஸோலர்ன் குடும்பத்துக்குப் போனது. அந்தக் குடும்பம் பின்னாளில் பிரஷ்யாவின் அரச குடும்பம் ஆயிற்று. கோட்டையில் படைப்பிரிவு ஒன்று தங்கியது. பீரங்கிகள் வலுத்த காலத்தில் மலையுச்சிச் சுவர்களால் போரில் பெரிய பயன் எதுவும் இல்லை. சிப்பாய்கள் போனதும் 18-ஆம் நூற்றாண்டில் கோட்டை நகரத்தின் கைக்கு வந்தது.

நகரம் அதை வைத்து என்ன செய்தது? ஊரில் எதற்கு இடமில்லையோ அதையெல்லாம் மேலே ஏற்றியது. ஒரு பகுதியில் சிறை. ஒரு பகுதியில் வறியவர்களுக்கான விடுதி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜொஹானிட்டர் அமைப்பின் மருத்துவமனை அங்கே நடந்தது. 1906 வரை லென்னே பள்ளத்தாக்கின் நோயாளிகள் அந்தச் செங்குத்துப் பாதையில்தான் தூக்கிச் செல்லப்பட்டார்கள். வேறு பல சுவர்கள் இடிந்து, கூரையில்லாமல் கிடந்தன.

இந்தக் காலத்தைப் பழைய நூல்கள் சீரழிவின் காலம் என்று ஒரே வரியில் கடந்துவிடுவதுண்டு. அது நியாயமில்லை. கைவிடப்பட்ட கோட்டைகளைக் கல்லுக்காக உடைத்து எடுத்துப்போவது ஜெர்மனியில் அன்று வழக்கமாக நடந்த ஒன்று. ஆல்டெனாவின் சுவர்களில் ஒரு பகுதியாவது நின்றது என்றால், அதற்குள் ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதுதான் காரணம். ஒழுகும் கூரையைச் சரிசெய்ய யாருக்கோ அவசியம் இருந்தது. கோட்டையைக் காப்பாற்றியவர்களில் அந்த ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்காக அங்கே ஒரு பெயர்ப்பலகைகூட மாட்டலாம்.

20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது கோட்டைகளுக்கு ஜெர்மனியில் திடீர் மவுசு. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஆல்ஸாஸ் பகுதியில் ஹோஹ்கோனிக்ஸ்பூர்க் கோட்டையின் இடிபாடுகளை 1900 முதல் 1908 வரை முழுதாக எழுப்பிக் காட்டினார். கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் அதற்குத் திட்டம் வரைந்தார். ஆல்டெனா மாவட்டத்தின் நிர்வாகத் தலைவர் ஃபிரிட்ஸ் தோமே இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். மார்க் பகுதி ஹோஹன்ஸோலர்ன் குடும்பத்துக்கு வந்து 300 ஆண்டுகள் நிறைவது 1909-ல். அந்த விழாவுக்கு நினைவுச்சின்னம் வேண்டும், அது இந்தக் கோட்டையாகவே இருக்கட்டும் என்றார் தோமே. நன்கொடை திரட்டினார். ஆகென் நகரத்துக் கட்டடக் கலைஞர் கேயோர்க் ஃப்ரென்ட்ஸன் திட்டம் வரைந்தார். 1907-ல் தொடங்கிய வேலை உலகப் போர் ஆண்டுகள்வரை இழுத்தது.

எதிர்ப்பும் கிளம்பியது. பழைய கட்டடத்தைக் காப்பதா, அது ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாகக் கட்டுவதா என்பது அப்போது ஜெர்மனியைச் சூடாக்கிய விவாதம். கலை வரலாற்றாசிரியர் கேயோர்க் டேஹியோ, இருப்பதை இருக்கிறபடி பாதுகாப்பதுதான் கடமை, மீட்டுக் கட்டுவது கற்பனை என்று வாதிட்டவர். ஆல்டெனா அந்தச் சண்டையின் களங்களில் ஒன்றாகியது. இன்று மேல் முற்றத்தில் நின்று நாம் பார்க்கும் கூரைகளிலும் சுவர்களிலும் கணிசமான பகுதி இடைக்காலத்தைச் சேர்ந்தது இல்லை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. டேஹியோவின் பக்கம்தான் நியாயம் அதிகம். கைதிகளின் காலமும் நோயாளிகளின் காலமும் கோட்டையின் உண்மையான வரலாறு. பிரபுக்களின் காலத்தை மட்டும் மீட்டு எழுப்பும்போது நடுவில் கிடந்த நூற்றாண்டுகள் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றன. ஆனாலும் தோமேயின் பிடிவாதம் இல்லாவிட்டால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

ரிஷார்ட் ஷிர்மான் 1874-ல் கிழக்குப் பிரஷ்யாவின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஆசிரியரின் மகன், தானும் ஆசிரியர். ரூர் பகுதியின் கெல்ஸன்கிர்ஷன் நகரத்துக்கு வேலைக்கு வந்தபோது அவர் கண்டது சுரங்கப் புகையில் வளரும் குழந்தைகளை. மரமும் ஓடையும் பாடப்புத்தகப் படங்களாக மட்டுமே தெரிந்த பிள்ளைகள். அவர்களை வகுப்பறையிலிருந்து வெளியே கூட்டிப்போய் நடந்துகொண்டே பாடம் நடத்தத் தொடங்கினார். மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1903-ல் ஆல்டெனாவுக்கு மாறி வந்தார், அங்கே மலையும் காடும் பள்ளிக்கூட வாசலிலேயே இருந்தன.

1909 ஆகஸ்டில் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆல்டெனாவிலிருந்து ஆகென்வரை பல நாள் நடைப்பயணம் கிளம்பினார். வழியில் எங்கே தங்குவது என்பது ஒவ்வொரு மாலையும் எழும் கேள்வி. பெரும்பாலும் யாராவது ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகை. ஆகஸ்ட் 26 அன்று போன் நகரத்துக்குக் கிழக்கே ப்ரோல் பள்ளத்தாக்கில் கடும் இடிமழை பிடித்துக்கொண்டது. விடுமுறைக்கு மூடிக் கிடந்த கிராமப் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்துவிடப்பட்டது. பெஞ்சுகளை ஒதுக்கி, தரையில் வைக்கோல் பரப்பி, பையன்கள் களைப்பில் அப்படியே தூங்கிப்போனார்கள். வெளியே இடி ஓயவில்லை. ஷிர்மானுக்குத் தூக்கம் வரவில்லை. நாட்டிலுள்ள ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கூடமும் விடுமுறையில் காலியாகத்தானே கிடக்கிறது? ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒரு பள்ளியை இப்படித் திறந்துவைத்தால், நடக்கக் கால் உள்ள எந்தக் குழந்தையும் நாட்டைச் சுற்றிவர முடியாதா?

1910-ல் இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதிக் கொலோன் நாளேடு ஒன்றில் வெளியிட்டார். கடிதங்களும் சிறு நன்கொடைகளும் வந்தன. ஹில்ஷன்பாஹ் ஊரைச் சேர்ந்த தொழிலதிபர் வில்ஹெல்ம் மூன்கர் கைகொடுத்தார். கணக்கு வழக்கும் அமைப்பு வேலையும் அவருடையவை, கனவும் பேச்சும் ஷிர்மானுடையவை. ஆல்டெனாவின் நெட்டெ பள்ளியிலேயே, ஷிர்மான் பாடம் நடத்திய வகுப்பறையில், விடுமுறை நாட்களில் வைக்கோல் மெத்தைகளுடன் ஒரு விடுதி இயங்கத் தொடங்கியது.

இதில் எது புதுமை என்று சரியாகப் பார்க்கவேண்டும். மலை ஏறுகிறவர்களுக்கு மலிவான தங்குமிடம் என்பது ஏற்கெனவே இருந்தது. பொஹிமியாவில் கைடோ ரோட்டர் 1884 முதலே மாணவர் விடுதிகளை ஏற்படுத்தியிருந்தார். ஆனால் அவை உயர்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் இளைஞர்களுக்கானவை, அதாவது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு. பெர்லின் புறநகரில் 1901-ல் தொடங்கிய வான்டர்ஃபோகல் என்ற நடைப்பயண இயக்கமும் அதே வர்க்கத்தின் இயக்கம்தான். ஷிர்மான் மனத்தில் வைத்தது எட்டு ஆண்டு ஆரம்பப் படிப்போடு தொழிற்சாலைக்குள் நுழையப்போகும் பிள்ளைகளை. பையன்களை மட்டுமல்ல, பெண் குழந்தைகளையும்.

அதே ஆண்டுகளில் மலைமேல் கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. ஹோஹன்ஸோலர்ன் விழாவுக்கான அந்த நினைவுச்சின்னத்தில் நாடோடிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கத் தோமே சம்மதித்தார். அவரும் ஷிர்மானும் மிகவும் வேறுபட்ட மனிதர்கள். ஒருவர் அரசாங்கத்தின் ஆள், மற்றவர் அரசாங்கத்திடம் திட்டு வாங்கிய வாத்தியார். ஆனால் விருந்தினர் இல்லாத கோட்டை மறுபடி பாழாகும் என்பது தோமேக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு படுக்கை அறைகள், சமையலறை, குளிக்கவும் துவைக்கவும் வசதி. 1914 ஜூன் 1 அன்று விடுதி திறந்தது. ஷிர்மானே அதன் காப்பாளர். விடுமுறையில் மட்டும் வைக்கோல் பரப்பும் ஏற்பாடு போய், ஆண்டு முழுவதும் கட்டில் காத்திருக்கும் வீடு ஒன்று வந்துவிட்டது.

இரண்டே மாதத்தில் போர் வெடித்தது.

ஷிர்மானும் படைக்குப் போனார். 1915 கிறிஸ்துமஸில் அவருடைய படைப்பிரிவு வோஷ் மலையில் பிரெஞ்சுப் படைக்கு எதிரே பதுங்குகுழிகளில் கிடந்தது. அன்று இரு தரப்பும் சண்டையை நிறுத்தி, நடுவில் சந்தித்து, ஜெர்மானியர் தங்கள் கறுப்பு ரொட்டியைக் கொடுத்து பிரெஞ்சுக்காரர்களின் ஒயினை வாங்கிக்கொண்டதை அவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். படை அதிகாரிகள் சீக்கிரமே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். ஆனால் எல்லா நாட்டு இளைஞர்களும் சந்தித்துப் பழக இடங்கள் இருந்தால் என்ன என்ற எண்ணம் ஷிர்மானைப் பற்றிக்கொண்டது. அதுவரை அவருடைய விடுதி குழந்தைகளின் உடல்நலம், நாட்டை அறிதல் என்ற அளவில் நின்றது. போருக்குப்பின் அதன் நோக்கம் எல்லை தாண்டியது.

1919-ல் ஜெர்மன் இளைஞர் விடுதிகளுக்கான தேசிய அமைப்பு உருவானது. 1922-ல் ஷிர்மான் ஆசிரியர் வேலையை விட்டு முழுநேரமும் இதில் இறங்கினார். 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட விடுதிகள். கோட்டைகள் இதில் தனி இடம் பிடித்தன. ரைன் நதிக்கு மேலே பஹராஹ் ஊரிலுள்ள ஷ்டாலெக் கோட்டையை 1689-ல் பிரெஞ்சுப் படை தகர்த்திருந்தது. ரைன்லாந்தின் பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கி 1920-களில் விடுதியாகவே கட்டி எழுப்பியது. இன்றும் அங்கே தங்குகிறவர்களுக்கு முற்றத்திலிருந்தே ரைன் நதியும் அதில் போகும் சரக்குப் படகுகளும் தெரியும். 1932 அக்டோபரில் 11 நாடுகளின் விடுதி அமைப்புகள் ஆம்ஸ்டர்டாமில் கூடிச் சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவின. ஷிர்மான் அதன் தலைவரானார். டெல்லி சாணக்கியபுரியில் தலைமையகம் வைத்து, தமிழக இளைஞர்களையும் இமயமலையின் சர் பாஸ் நடைப்பயணத்துக்கு ஆண்டுதோறும் அழைத்துப்போகும் இந்திய யூத் ஹாஸ்டல் சங்கமும் பின்னாளில் இந்தக் கிளைபரப்பில் வந்து சேர்ந்ததுதான்.

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் விடுதி அமைப்பு ஹிட்லர் இளைஞர் படையின் கைக்குப் போனது. ஷிர்மான் ஓரங்கட்டப்பட்டார், 1936-ல் சர்வதேசப் பதவியிலிருந்தும் விலக வைக்கப்பட்டார். யூதப் பிள்ளைகளுக்கு விடுதிக் கதவுகள் மூடப்பட்டன. ஆல்டெனா கோட்டையின் கீழ் முற்றத்தில் 1934-ல் பெரிய புதிய விடுதி திறந்ததும் இந்த ஆட்சிக் காலத்தில்தான்.

இதைவிடக் கொடுமையான கதை ஸாக்ஸனியில் நடந்தது. ஹோன்ஷ்டைன் கோட்டை 1920-களில் நாட்டின் மிகப் பெரிய இளைஞர் விடுதிகளில் ஒன்று. 1933 மார்ச்சில் நாஜிகளின் எஸ்.ஏ. படையினர் அதைக் கைப்பற்றி வதைமுகாம் ஆக்கினார்கள். விடுதிக் காப்பாளர் கொன்ராட் ஹானேவால்ட் சோஷலிஸ்டு, நாஜிக் கொடியை ஏற்ற மறுத்தவர். அந்த முகாமின் முதல் கைதி அவர்தான். தான் பாய் விரித்துக்கொடுத்த அறைகளிலேயே அவர் அடைபட்டார். 1934 கோடைவரை ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே சித்திரவதைப்பட்டார்கள். தங்குமிடமாக இருக்கும் வசதிதான் அந்தக் கட்டடத்தை முகாமுக்கும் ஏற்றதாக்கியது. அடுக்குக் கட்டில், பெரிய சமையலறை, ஒரே வாயில், உயர்ந்த மதில் எல்லாம் அங்கே தயாராக இருந்தன. கோட்டை யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கோட்டை தீர்மானிப்பதில்லை.

போருக்குப்பின் ஷிர்மான் மறுபடி பாடுபட்டார். 1949-ல் மேற்கு ஜெர்மனியின் விடுதி அமைப்பு புத்துயிர் பெற்றது, அவர் அதன் கௌரவத் தலைவர். 1961-ல் இறந்தார். போரில் சிதைந்த கட்டடங்களும் ஒவ்வொன்றாக விடுதிகளாக எழுந்தன. நியூரம்பெர்க் அரண்மனைக் கோட்டையில் 1490-களில் தானியக் களஞ்சியமாகக் கட்டிய, பேரரசர் வரும்போது கீழ்த்தளத்தில் குதிரைகள் கட்டிய நெடிய கட்டடம் குண்டுவீச்சில் நொறுங்கியது. மீண்டும் கட்டப்பட்டு இன்று நகரின் யூத் ஹாஸ்டலாக இருக்கிறது. ஸாக்ஸனியின் கோல்டிட்ஸ் கோட்டை ஏழை விடுதியாகவும், மனநோயாளிகளின் மருத்துவமனையாகவும், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு அதிகாரிகளை அடைத்துவைத்த சிறையாகவும் இருந்தது. அதன் ஒரு பகுதியில் 2007 முதல் விடுதி நடக்கிறது.

இன்றைய ஆல்டெனாவுக்குத் திரும்பலாம். கோட்டையில் மார்க் பகுதியின் வரலாற்று அருங்காட்சியகம் இயங்குகிறது. 1914-ன் படுக்கை அறைகள் அப்படியே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. யாரும் அங்கே படுப்பதில்லை. தங்க வருகிறவர்களுக்குக் கீழ் முற்றத்து விடுதி. பள்ளி வகுப்புகள், இசைக்குழுக்கள், சைக்கிளில் வரும் குடும்பங்கள் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். கோடையில் இடைக்காலத் திருவிழா நடக்கும்போது கோட்டை முற்றங்களோடு கடைத்தெருவும் கொல்லர்களாலும் வித்தைக்காரர்களாலும் நிரம்பும்.

திருவிழா நாட்கள் போக மற்ற நாட்களில் ஊர் அமைதி. கம்பித் தொழிலில் ஆட்குறைப்பு நடந்ததும் மக்கள் வெளியேறினார்கள். 1970 வாக்கில் 30,000-ஐத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று 17,000 அளவில் இருக்கிறது. மேற்கு ஜெர்மனியில் இவ்வளவு வேகமாகச் சுருங்கிய ஊர்கள் குறைவு. கோட்டைக்கு வந்தவர்கள் காரை மேலே நிறுத்தி, பார்த்துவிட்டு, அப்படியே போய்விடுவார்கள். கடைத்தெருவில் ஒரு காப்பிகூட விற்காது. இதற்கு நகரம் கண்ட வழி துணிச்சலானது. ஆற்றோரக் கடைத்தெருவிலிருந்து பாறைக்குள் நீளமான சுரங்கப் பாதை குடைந்து, அதன் முடிவில் சுமார் 80 மீட்டர் செங்குத்தாக மேலேறிக் கோட்டைக்குள் கொண்டுசேர்க்கும் மின்தூக்கியை அமைத்தார்கள். 2014-ல் திறந்தது. கோட்டைக்குள் இத்தனை நவீனமா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் பார்வையாளரைத் தெரு வழியாக நடக்கவைத்தது அந்த ஏற்பாடு. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் முதியவர்களும் எளிதாக மேலே போக முடிகிறது. ஒரு காலத்தில் நோயாளிகளைச் சுமந்து ஏறிய அதே உயரத்தை இப்போது அரை நிமிடத்தில் கடந்துவிடலாம்.

2015-ல் லட்சக்கணக்கான அகதிகள் ஜெர்மனிக்கு வந்தபோது, காலி வீடுகள் நிறைந்த ஆல்டெனா தனக்கு ஒதுக்கியதைவிட 100 பேரை அதிகமாக ஏற்றுக்கொள்ள முன்வந்தது. மேயர் அண்ட்ரெயாஸ் ஹோல்ஷ்டைன் அதை முன்னின்று நடத்தினார். புதிதாக வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் மருத்துவரிடம் கூட்டிப்போக, பள்ளியில் சேர்க்க, படிவம் நிரப்ப என்று ஊர்க்காரர்கள் துணை நின்றார்கள். 2017 மே மாதம் அன்றைய சான்சலர் அங்கெலா மெர்கல் நாட்டின் முதல் ஒருங்கிணைப்பு விருதை ஆல்டெனாவுக்கு வழங்கினார். அதே ஆண்டு நவம்பரில் ஒரு உணவுக்கடையில் ஹோல்ஷ்டைன் கத்தியால் தாக்கப்பட்டார், அகதிகளுக்கு இடம் கொடுத்தார் என்ற ஆத்திரத்தில். கடை நடத்திய துருக்கிய வம்சாவளிக் குடும்பத்தினர் பாய்ந்து தடுத்ததால் உயிர் பிழைத்தார். அவர் பதவியில் தொடர்ந்தார், ஊரும் தன் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை.